நூலகத்தில் இருத்திவைத்த பிள்ளையும் விஞ்ஞான பாடமும்

09.02.2024, மாலை 6.15 | கேள்வி, முல்லைத்தீவில் இருந்து ஒரு வாசகர்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முழுதாகப் பார்வை இல்லாத பிள்ளை ஒன்று தரம் 9 படிக்கிறது. விஞ்ஞான பாடம் வந்தால் அந்தப் பிள்ளையை நூலகத்தில் இருத்திவிடுகிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. படம் பார்க்காமல், பரிசோதனை பார்க்காமல் விஞ்ஞானம் என்ன விஞ்ஞானம்? உயர்தரத்தில் எப்படியும் கலைப்பிரிவுதான். இப்போதே தமிழ், சங்கீதம், வரலாறு என்று விட்டால் பிள்ளைக்கும் நிம்மதி, படிப்பிக்கிறவருக்கும் நிம்மதி. மறுக்கிறவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

09.02.2024, இரவு 9.50

மறுக்கிறேன்.

ஒட்டுசுட்டான் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், பள்ளிக்கூடப் பெயர் வேண்டாம். என் தரம் 9 வகுப்பிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள், பிறவியிலேயே பார்வை இல்லை. போன வருடம் நானும் அவளை நூலகத்துக்கு அனுப்பியவன்தான். அதனால் உங்களைத் திட்டுகிற தகுதி எனக்கு இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: நூலகத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று எப்போதாவது எட்டிப் பார்த்தீர்களா? எங்கள் பிள்ளை அங்கே கதிரையில் இருந்து 40 நிமிடமும் மின்விசிறி சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விரலால் தடவி வாசிக்கிற பிறெயில் எழுத்தில் ஒரு புத்தகம்கூட அங்கே இல்லை. நீங்கள் சொல்லுகிற நிம்மதி முழுக்க எனக்குத்தான் கிடைத்தது.

"படம் பார்க்காமல் என்ன விஞ்ஞானம்" என்பதற்கு: கேம்பிரிட்ஜில் நியூட்டன் இருந்த அதே லூக்காசியன் கணிதப் பேராசிரியர் பதவிக்கு 1711இல் வந்தவர் நிக்கலஸ் சாண்டர்சன். பிறவிக் குருடர். அவர் மாணவர்களுக்கு விரிவுரை செய்த பாடங்களில் ஒன்று ஒளியியல். இதற்கு மேல் நான் என்ன காரணம் சொல்ல?

10.02.2024, காலை 6.05

சாண்டர்சனைப் பிறவிக் குருடர் என்று எழுதியது பிழை. ஒரு வயதளவில் அம்மை போட்டுப் பார்வை போனது. ஆனால் ஒரு வயதில் பார்த்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஊசி குத்துகிற பலகை ஒன்றைத் தானே செய்து, விரலால் தடவிக் கணக்குப் பார்த்திருக்கிறார்.

இன்னொன்று. இரவு கோபத்தில் எழுதிவிட்டேன். நாங்கள் பேசுவது கேம்பிரிட்ஜைப் பற்றி இல்லை. ஆய்வுகூடத்தில் தண்ணீர்க் குழாய் வேலை செய்யாத பள்ளிக்கூடத்தைப் பற்றி.

11.02.2024, இரவு 10.20

நூலகத்தில் இருந்து அவளைத் திரும்பக் கூட்டிவந்தது எப்படி என்று மல்லாவி அக்கா கேட்டிருந்தா. எனக்கு ஞானம் ஒன்றும் பிறக்கவில்லை. மழைக்கு நூலகக் கூரை ஒழுகியது. அதுதான் காரணம்.

வகுப்பில் வந்து இருந்தாள். தாயின் போனில் என் பாடத்தைப் பதிவு செய்தாள், வீட்டில் திரும்பக் கேட்கலாம் என்று. அடுத்த நாள் வந்து, "சேர், ஒண்டும் விளங்கேல்லை, நீங்களே ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்று போனைத் தந்தாள். அன்றைக்குக் குருதிச் சுற்றோட்டம். இரவு கரண்டும் இல்லை. இருட்டில் இருந்து கேட்டேன். என் குரல் சொல்லுகிறது: "இது இஞ்சாலை வந்து, இப்பிடித் திரும்பி, இதோடை சேருது. பிறகு இதாலை வெளிக்கிட்டு அங்காலை போகுது. விளங்குதோ?" வகுப்பு முழுக்க, "ஓம் சேர்."

பத்து நிமிடத்தில் 23 தடவை "இது". எண்ணிப் பார்த்தேன். இதயம் என்ற சொல் இரண்டே தரம். நான் வாயால் படிப்பிக்கவில்லை, சோக்கால் படிப்பித்திருக்கிறேன். "ஓம் சேர்" என்ற மற்றப் பிள்ளைகளுக்கும் என்ன விளங்கியிருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அதற்குப் பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படிப்பிக்கப் பழகினேன். "வலது இதயவறை சுருங்க, குருதி சுவாசப்பை நாடி வழியாகச் சுவாசப்பைக்குப் போகுது" என்று முழு வசனமாகச் சொல்ல வேண்டும். முதல் கிழமை நாக்கு இழுபட்டது. 19 வருடம் படிப்பித்தவனுக்கு.

12.02.2024

"இது" இப்போது அடியோடு நின்றுவிட்டதா என்று கேட்ட அக்காவுக்கு: இல்லை, இப்போதும் வருகிறது. வந்தால் அவள் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவாள். வகுப்பு முழுக்கச் சிரிக்கும்.

18.02.2024, மாலை

காசு இல்லாமல் என்ன செய்யலாம் என்று கேட்டவர்களுக்கு. தாவரவியலில் தொடங்குங்கள், அங்கே கைக்குத்தான் வேலை.

எங்கள் பக்கம் இப்போது கச்சான் காலம். ஒரு கடகம் கச்சான் வகுப்புக்கு வந்தது. ஊற வைத்துத் தோலை உரித்து இரண்டாகப் பிளந்தால் வித்திலைகள் இரண்டும் விரலுக்குத் தெரியும். ஒரு பாதியின் நுனியில் குட்டிக் கொக்கி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கும், அதில்தான் முளைத்தண்டும் முளைவேரும். பார்வை உள்ள பிள்ளைகள் அதை உடைத்துவிட்டு "எங்கை சேர், எங்கை சேர்" என்று தேடினார்கள். இவள்தான் நகத்தால் மெதுவாக நெம்பிக் காட்டினாள். முழு நெல்லைப் பிளக்க ஏலாது, அது ஒருவித்திலை. பூவரசம் இலையின் பின்பக்கம் தடவினால் வலையுரு நரம்பு. வாழை இலையைத் தடவினால் சமாந்தர நரம்பு. புத்தகத்தில் உள்ள படம் இதைவிட என்ன சொல்லிவிடும்?

பரிசோதனைப் பொருளில் பாதியை வகுப்புத் தின்றது. கடகம் திரும்பப் போகும்போது வெறும் கோது.

03.03.2024

வரைபு செய்த கதை. நேரமும் தூரமும். கார்ட்போட்டில் ஈர்க்கால் இரண்டு அச்சு ஒட்டினேன். சதுரக் கோடுகளுக்கு நூல். புள்ளிகளுக்கு அரிசி, ஒவ்வொன்றாக, கோதுமை மாப் பசையில். இரவு 11 மணி வரை இருந்து ஒட்டியது. காலையில் பார்த்தால் புள்ளிகளை எலி தின்றுவிட்டது. பசையையும் நக்கிவிட்டது. அச்சு மட்டும் மிச்சம்.

"வீட்டுவேலையை எலி திண்டுட்டுது" என்று பிள்ளைகள் சொன்னால் இனி நம்புவேன்.

இப்போது பைண்டர் கம், குன்றிமணி. பைண்டர் கம்மை நேரே கோடாகப் பிழிந்து ஒரு இரவு காயவிட்டால் அதுவே மேடாக நிற்கும், நூலும் தேவையில்லை. தையற்காரரின் பல்லுச் சில்லு இருந்தால் இன்னும் சுகம்: சைக்கிள் ரியூப்பை வெட்டி விரித்து அதன்மேல் தடித்த தாளை வைத்து உருட்டினால் மறுபக்கம் புள்ளிக்கோடு எழும்பும். ஞாபகம் வைக்க வேண்டியது, பின்பக்கத்தில் இருந்து வரைகிறபடியால் படம் இடம் வலம் மாறி வரும். நான் மாற்றாமல் கீறி, இதயத்தை வலது பக்கம் வைத்துவிட்டேன். பிள்ளைதான் பிடித்தாள்.

05.03.2024

லண்டன் அண்ணை "எல்லாப் படத்தையும் மேடாக்கினால் முடிந்தது" என்று எழுதியிருக்கிறார். முடியாது அண்ணை. கண் ஒரே வீச்சில் முழுப் படத்தையும் பிடிக்கும். விரல் ஒரு நேரத்தில் ஒரு நுனியளவைத்தான் பிடிக்கும். மிச்சத்தை மனதில் கோர்க்க வேண்டும். கலத்தின் படத்தை அப்படியே 14 பெயரோடு மேடாக்கிக் கொடுத்தேன். இரண்டு பாடவேளை தடவிவிட்டு, "சேர், இது பொரிச்ச அப்பளம் மாதிரிக் கிடக்கு" என்றாள். ஒரு தாளில் மூன்று விசயத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

அணுவுக்குக் காப்பும் புளியங்கொட்டையும். மூன்று அளவுக் காப்பு, ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே 2 கொட்டை, அடுத்ததில் 8, வெளியே 1, அது சோடியம். நல்லாய் விளங்கியது. பிறகு யோசித்தால், இலத்திரன் கொட்டை மாதிரி ஓரிடத்தில் குந்திக்கொண்டு இருக்கிறது என்று அவள் எடுத்திருப்பாளே? கேட்டேன். அப்படித்தான் எடுத்திருந்தாள். மற்றவர்களையும் கேட்டேன். படம் பார்த்தவர்களும் அப்படியேதான் எடுத்திருக்கிறார்கள்!

22.03.2024, இரவு

பிறெயில் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். 1829இல் லூயி பிறெயில் வெளியிட்ட அதே ஆறு புள்ளி. 63 விதமாக வரும். சிலேற்று என்கிற சட்டத்தில் தாளை வைத்து எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால்தான் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். ஏட்டில் எழுதிய எங்கள் முப்பாட்டன்மாருக்கு இது சுலபமாக வந்திருக்கும். எனக்கு என் பெயரே தலைகீழாக வந்தது.

தமிழுக்கு ஒரு வசதி: "கொ" எழுதக் கொம்பும் காலும் போட்டு க வைச் சிறை வைக்கத் தேவையில்லை. க, பிறகு ஒ. வாயில் வருகிற ஒழுங்கு.

இரசாயனத்தில்தான் இடறியது. க வுக்கு உள்ள புள்ளிகள் 1, 3. ஆங்கில கே எழுத்துக்கும் அதே 1, 3. ஆகவே பொற்றாசியத்தின் குறியீட்டை அவள் "க" என்று வாசித்தாள். முன்னால் பேரெழுத்துக் குறி போட வேண்டும் என்பது எனக்கும் தெரியவில்லை. சமன்பாட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குறியீட்டு முறை உண்டாக்கினோம். அம்புக்கு ஒன்று, கீழே எழுதுகிற இலக்கத்துக்கு ஒன்று. பெரிய கெட்டிக்காரர் மாதிரி இருந்தது. மூன்று கிழமையில் கைவிட்டோம், ஏனென்றால் உலகத்தில் அதை வாசிக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் என்று ஏப்ரகாம் நெமெத் செய்த முறை 1952இல் இருந்தே இருக்கிறது. அவரும் பார்வையற்ற கணிதக்காரர். அதையே படிக்கிறோம், ஆமை வேகம்.

23.03.2024

பிறெயில் எங்கே பழகலாம் என்று தனிமடலில் கேட்டவருக்கு: சுன்னாகத்தில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு என்று உள்ள வாழ்வகம் இல்லத்தில் விசாரியுங்கள். அங்கே தங்குகிற பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் மற்றவர்களோடு சேர்ந்துதான் படிக்கிறார்கள். வன்னியிலும் இப்படியான பிள்ளைகளுக்கு வள்ளிபுனத்தில் இனிய வாழ்வு இல்லம் இருந்தது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். புது விசயம் மாதிரி நான் எழுதிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கே வெட்கம்.

14.04.2024, புத்தாண்டு, மத்தியானம்

சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

ஊரில் ஒரு தம்பி. 2009இல் பன்னிரண்டு வயது, சண்டையில் செல் துண்டு பட்டு இரண்டு கண்ணும் போனது. பிறெயிலை இருபது வயதுக்குப் பிறகு தொட்டுப் பார்த்திருக்கிறான், விரல் பிடிக்கவில்லை. போனும் கொம்பியூட்டரும்தான் அவனுக்குக் கண். எங்கள் பிள்ளைக்கு என்விடிஏ போட்டுக் கொடுத்தவன் அவன். அது திரையை வாசித்துச் சொல்லுகிற மென்பொருள். அவுஸ்திரேலியாவில் பார்வையற்றவர் ஒருவர் 2006இல் தொடங்கி, இன்னொரு பார்வையற்றவரும் சேர்ந்து வளர்த்தது. இலவசம், தமிழும் வாசிக்கும். குரல் தகரத்தில் ஆணி கீறினது மாதிரி இருக்கும், பழகிவிடும்.

எனக்குப் பெரிய சந்தோசம். என்னிடம் உள்ள பத்து வருடக் கடந்தகால வினாத்தாளையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். தம்பி அன்று பின்னேரமே கூப்பிட்டான்: "சேர், இது என்ன பாசை?" போனை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடித்தான். "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று வாசிக்கிறது. அது என்ன தெரியுமா? அம்மா. பாமினி எழுத்துருவில் அடித்த அம்மா.

எங்கள் கண்ணுக்குத்தான் அது தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் முகமூடி. பத்து வருட உழைப்பு, ஒரு வரி அவளுக்குக் கேட்காது. உள்ளேயும் தமிழாகவே வைக்கிற யுனிகோட்டில் அடித்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. இனிமேலாவது பாமினியில் அடிக்காதீர்கள் என்று இங்கே உள்ள அத்தனை ஆசிரியர்களையும் கும்பிட்டுக் கேட்கிறேன்.

15.04.2024

மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இருப்பது தெரியும், மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். மாற்றினோம். படத்துக்குள் உள்ள எழுத்தும் அட்டவணையும் குழம்பும். "கீழே உள்ள படத்தில் அ, ஆ, இ ஆகியவற்றைப் பெயரிடுக" என்பதை எந்தக் கருவி மாற்றும்? தம்பியும் நானுமாக ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி விவரம் அடிக்கிறோம். ஆனால் விவரம் எழுதும்போது விடையைச் சொல்லிவிடக் கூடாது. முதல் பத்தில் ஆறுக்கு விடையையும் சேர்த்தே எழுதிவிட்டேன். அவளுக்கு முழுப் புள்ளி.

20.04.2024

பாடப்புத்தகத்தைப் பார்வையற்றவர் வாசிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றினால் பதிப்புரிமைத் திருட்டு ஆகாதா என்று ஒருவர். இதற்காகவே 2013இல் மராக்கேஷில் உடன்படிக்கை செய்தார்கள். இலங்கையும் 2016இல் சேர்ந்துவிட்டது.

02.06.2024

அமிலம், மூலம். அமிலமா மூலமா என்று நிறம் மாறிக் காட்டுகிற பாசிச்சாயத்தாள் சிவப்பா நீலமா என்று பக்கத்துப் பிள்ளை சொல்ல இவள் எழுதுவாள். அது அவளுடைய பரிசோதனை ஆகாது, பக்கத்துப் பிள்ளையின் வாக்குமூலம்.

அதனால் வெங்காயம். சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, பருத்தித் துணிக் கீலங்களோடு போத்தலில் ஒரு இரவு மூடி வைக்க வேண்டும். துணியில் மணம் ஏறிவிடும். ஒரு கீலத்தில் வினாகிரி இரண்டு துளி, இன்னொன்றில் ஐதான சோடியம் ஐதரொட்சைட்டு இரண்டு துளி. தண்ணீரில் அலசி மணக்க வேண்டும். அமிலம் பட்டதில் வெங்காயம் மணக்கும். மூலம் பட்டதில் மணம் போய்விடும்.

முதலில் நான் சுண்ணாம்புத் தெளிவில் செய்து பார்த்தேன், வெற்றிலைச் சுண்ணாம்புதானே எங்கும் கிடைக்கும் என்று. மணம் குறைந்ததே தவிரப் போகவில்லை. சோடியம் ஐதரொட்சைட்டு என்றால் கோஸ்டிக் சோடா, தோலைத் தின்னும். அதை நான்தான் விடுவேன், கையுறையோடு. அந்தச் சாக்கில் பரந்தன் கதையும் சொன்னேன்: ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்னைப் பாய்ச்சிக் கோஸ்டிக் சோடாவும் குளோரீனும் எடுத்த தொழிற்சாலை எங்கள் மண்ணில்தான் இருந்தது. வகுப்பில் ஒருவனுக்கும் தெரியாது. கல்லுப்பு ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தேன். நேரமெடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பெட்டி பெட்டியாக் கிடக்கு" என்றாள். சோடியமும் குளோரீனும் அடுக்கப்பட்டிருக்கிற வடிவம் விரலில்.

வகுப்பு முழுக்க ஒரு கிழமை வெங்காய மணம். அடுத்த வகுப்பு ரீச்சர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

09.06.2024

ஊசல்: ஒரு மீற்றர் நூலில் கல். அவள் சுட்டுவிரலை ஓரத்தில் நீட்டிப் பிடிப்பாள், நூல் வந்து வந்து தொட்டுப் போகும். 20 அலைவுக்கு 40 செக்கன், போன் நேரம் சொல்லும். நூலைக் காலாக்கினால் 20 செக்கன். நீளம் கால், நேரம் பாதி. "ஏன் சேர் காலாகேல்லை?" என்று கேட்ட முதல் பிள்ளை அவள். 19 வருடத்தில்.

30.06.2024

முழுதாகப் பார்வை இல்லாதவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்துவிட்டேன். கனபேர் அரைகுறைப் பார்வை உள்ளவர்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்கில், வழக்கமாகப் போடுகிற கண்ணாடியோடும், இரண்டில் நல்ல கண்ணில் 3/60க்குக் கீழே போனால்தான் பார்வையின்மை: மற்றவர் 60 மீற்றரில் காண்பதை 3 மீற்றரிலும் காண முடியாத நிலை. அதற்கும் 6/18க்கும் இடையில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது.

எங்கள் தரம் 7இல் ஒரு பொடியன், கழுத்தைச் சரித்துத்தான் கரும்பலகையைப் பார்ப்பான். சேட்டை என்று நினைத்து நானே காதைத் திருகியிருக்கிறேன். கண்ணின் நடுவில் பார்வை இல்லை, ஓரத்தால்தான் பார்க்கிறான். யன்னலுக்கு முதுகைக் காட்டுகிற இடத்தில் இருத்தி, தடித்த கறுப்பு மாக்கரால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான் செலவு.

காதைத் திருகியதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சேர், மற்றச் சேர் அடிக்கிறவர்" என்றான்.

11.08.2024, மாலை

ஒளிமுறிவு. ஐந்து பிள்ளைகள் வரிசையாக ஒரு நீட்டு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு சீமெந்து நிலத்தில் இருந்து மணலுக்குள் சரிவாக நடக்க வேண்டும், ஒரே தாளத்தில். முதலில் மணலில் கால் வைக்கிறவன் புதைந்து மெதுவாவான், மற்ற நுனியில் உள்ளவன் இன்னும் வேகம். மூங்கில் தானாகத் திரும்பும், ஒளியும் அப்படித்தான். அவளை நடுவில் விட்டேன். "திரும்புது, திரும்புது" என்று கத்தினாள்.

பிறகு குவிவு வில்லை. நல்ல சோளக வெயில். புறங்கையில் சூரியனைக் குவித்து, சுள்ளென்று குத்துகிற தூரத்தைப் பிடி என்றேன்.

11.08.2024, இரவு

திட்டு வாங்குவேன் என்று தெரியும். நீங்கள் சொன்னது சரி, கை சுடும், சின்னக் கொப்புளம் வந்தது, தாயிடமும் வாங்கிக் கட்டினேன். அடுத்த நாள் கையை விட்டுவிட்டுக் காய்ந்த பனையோலைத் துண்டு வைத்தோம். குவியத்தில் ஓலை கருகும், புகை மணக்கும். மணக்கிற இடத்தில் நிறுத்தி, பிளேட்டால் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் வெட்டுப் போட்ட அடிமட்டத்தால் அளந்தாள். பத்தரை. வில்லையில் எழுதியிருந்தது 10.

பார்வை உள்ள குழு சுவரில் விம்பம் விழுத்தி 9 என்று எழுதியது.

01.09.2024

இதை எழுதலாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன்.

கண்ணும் காதும் என்று ஒரு பாடம் இருக்கிறது. காதைப் படிப்பித்தேன். கண்ணை "நேரம் காணாது, பிறகு பாப்பம்" என்று தாண்டிவிட்டேன். அவளுக்கு முன்னால் நின்று விழித்திரை, விம்பம் என்று எப்படிச் சொல்ல என்று வாய் வரவில்லை. இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலுக்கு வந்துவிட்டாள். "சேர், கண் பாடத்தை ஏன் விட்டீங்கள்?"

பொய் சொன்னேன். நம்பவில்லை.

புதுக்குடியிருப்புச் சந்தையில் ஆட்டுக்கண் இரண்டு வாங்கினேன். இறைச்சிக்கடைக்காரர், "சேர், சமைக்கவோ?" என்றார். வகுப்பில் மேசைக்குப் பேப்பர் விரித்து, புதுப் பிளேட்டால் நான் வெட்டித் திறந்தேன். அவள் கையுறை வேண்டாம் என்றுவிட்டாள். வெளிச்சுவர் தடிப்பு, இறப்பர் பந்து மாதிரி. முன்பக்கம் விழிவெண்படலம், அதுவும் தடிப்புத்தான் ஆனால் வழுக்கும். உள்ளே இருந்த கூழ், கண்ணாடியுடனீர், கையில் வழிந்தது. "நுங்கு. முத்தாத நுங்கு" என்றாள். அதற்குள் இருந்து வில்லையைத் தானே பிடித்து எடுத்தாள், இரண்டு விரலுக்கு இடையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டது, "இவ்வளவுதானா?"

ஓம், இவ்வளவுதான் என்றேன்.

கண்ணுக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டு இருந்தது. பார்வை நரம்பு, மூளைக்குப் போகிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அதையே பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, "சேர், எனக்கு இதிலை எது பழுது?" என்றாள்.

எனக்குத் தெரியாது. தாயிடம் கிளினிக் கொப்பி இருந்தது, அடுத்த நாள் கொண்டுவந்தா. ஆங்கிலத்தில் இரண்டு சொல். பார்வை நரம்பு மெலிந்துபோனது. 14 வருடம் அந்தக் கொப்பி வீட்டு அலுமாரியில் இருந்திருக்கிறது, வாசித்துச் சொல்ல ஒருவரும் இல்லை. சொன்னேன். "அந்த வாலா?" என்றாள். அந்த வால்தான். "அப்ப என்ரை நுங்கெல்லாம் சரி" என்றாள்.

சிரித்தாள். நான்தான் கைகழுவுகிற சாட்டில் வெளியே போனேன்.

02.09.2024

எல்லோருக்கும் ஒரே பதில்: இல்லை, அவளுக்கு மனம் உடையவில்லை. மிச்ச ஆட்டுக்கண்ணைப் பொடியன்கள் ரீச்சரின் மேசையில் வைத்தார்கள். வெங்காய ரீச்சரின் மேசையில்.

13.10.2024

சுற்றுலா, முல்லைத்தீவுக் கடற்கரை. கிரெற் வெர்மெய் என்று ஒரு விஞ்ஞானி, நெதர்லாந்தில் 1946இல் பிறந்தவர், மூன்று வயதில் முழுப் பார்வையும் போனது. அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் புளோரிடாவில் இருந்து கொண்டுவந்த சிப்பிகளைத் தொட்டதில் பிடித்த பைத்தியம். பிறகு சிப்பியிலும் சங்கிலும் உள்ள வெடிப்பும் தழும்பும் தடவி, நண்டு உடைக்கப் பார்த்து முடியாமல் விட்ட தடயம் இது என்று வாசித்து, வேட்டையும் தற்காப்பும் கூர்ப்பில் ஒன்றை ஒன்று தள்ளிவந்த கதையை எழுதியவர்.

கதையைச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு பை கொடுத்தேன். அவளுடைய பையில் 31 சிப்பி. உதட்டில் உடைந்து திரும்ப வளர்ந்த தழும்பு உள்ளவை என்று 4ஐப் பிரித்து வைத்திருந்தாள். ஒன்றில் எனக்குத் தழும்பு தெரியவே இல்லை. கண்ணை மூடித் தடவினேன், இருந்தது.

03.11.2024

பரீட்சையைப் பற்றி எழுதாமல் விடக் கூடாது. சொல்லச் சொல்ல எழுதுகிற உதவியாளர் கிடைத்தார், மேலதிக நேரமும் கிடைத்தது. தவணைப் பரீட்சையில் வந்த உதவியாளருக்கு "ஐதரொட்சைட்டு" எழுதத் தெரியாது. எழுத்துக் கூட்டிச் சொல்லியே அரை மணி போனது. வரைபுக் கேள்விக்கு "பார்வையற்றவர், பொருந்தாது" என்று எழுதி 12 புள்ளியை வெட்டிவிட்டார்கள். குன்றிமணி வரைபைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். "வடிவா இருக்கு" என்றார்கள். புள்ளி வரவில்லை.

24.11.2024, மழை

முதல் கேள்வி கேட்டவர் ஒன்பது மாதத்துக்குப் பிறகு வந்து, அந்தப் பிள்ளையை இப்போது வகுப்பில் இருத்துகிறார்கள், ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். "இது, அது" குறிப்பில் தொடங்குங்கள். காசு செலவில்லை.

என்னைப் பற்றி ஒரு செய்தி. போன கிழமை அவளிடம், உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு கேட்டுப் பார்ப்போமா, நான் எல்லா இடமும் எழுதுகிறேன் என்று பெரிதாகச் சொன்னேன். "இல்லை சேர், எனக்குத் தமிழ்தான் விருப்பம். கலை எடுக்கப்போறன்" என்றாள். இரண்டு நாள் எனக்கு முகம் சரியில்லை. மனைவி கேட்டா, "அவள் படிக்கிறது உங்களுக்காகவோ?" என்று. பிப்ரவரியில் நீங்கள் கலைப்பிரிவு என்று எழுதியபோது நான் குதித்தேன். இப்போதும் குதிப்பேன், நீங்கள் சொன்னது வேறு, அவள் சொன்னது வேறு. ஆனால் உயர்தரத்தில் பௌதிகவியலை எப்படிக் கொடுத்திருப்பேன் என்று என்னிடமும் ஒரு திட்டமும் இருக்கவில்லை, அதையும் ஒப்புக்கொள்ளுகிறேன்.

25.11.2024

வெளிச்சத்துக்குச் சத்தம் போடுகிற பெட்டி பற்றிக் கேட்டவருக்கு: ஒளி பட்டால் தடை குறைகிற எல்டிஆர் ஒன்று, பசர் ஒன்று, 9 வோல்ட் பற்றரி, தொடராகப் பிடித்தால் போதும். வெயிலில் கத்தும், நிழலில் அடங்கும். அந்தப் பெட்டியால் செவ்வரத்தம்பூச் சாற்றில் நிறமாற்றம் பிடிக்க முயன்றோம், சரிவரவில்லை, வெங்காயம்தான் திறம். ஆனால் அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மாமரத்தைச் சுற்றி நடந்து நிழலின் ஓரத்தைக் கால் பெருவிரலால் மண்ணில் கீறினாள், காலையில் ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா. தரம் 7 பொடியன் அதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று வேண்டும் என்று நிற்கிறான்.

பசர் மழையில் நனைந்து செத்துவிட்டது. கிளிநொச்சிப் பக்கம் போகிறவர்கள் யாரும் இருந்தால் இரண்டு வாங்கி பஸ்சில் கொடுத்துவிடுங்கள், காசு தருகிறேன்.